வலது கை மட்டும் சோர்ந்துபோன மெஷின்

1970-களில் சிகாகோவில் செய்த பழைய பின்பால் மெஷின் (சரிவான பலகையில இரும்புப் பந்தைத் தட்டி ஆடுற விளையாட்டு) ஒண்ணு ஒரு மாசமா என் உயிரை வாங்குது. இடது ஃப்ளிப்பர், அதாவது பந்தைத் தட்டுற குட்டி மட்டை, பந்தை உச்சி வரை ஏத்துது. வலது தட்டினா பாதி வழியிலேயே பந்து திரும்பி வந்துடுது.

கேட்டவங்க எல்லாம் "காயில் போச்சு, மாத்து"ன்னாங்க. ஃப்ளிப்பரை இயக்குற மின்காந்தச் சுருள்தான் காயில். மாத்தினேன். காசு போனதுதான் மிச்சம்.

இந்தக் காயிலில் ரெண்டு சுற்று உண்டு. தடிச்ச கம்பி அடிக்க, மெல்லிய கம்பி தூக்கிப் பிடிக்க. ஃப்ளிப்பர் மேலே போய் முட்டும்போது ஒரு குட்டி சுவிட்ச் திறக்கும். அப்புறம்தான் கரண்ட் மெல்லிய கம்பி வழியாவும் போய்க் குறையணும். இல்லேன்னா காயில் கருகிடும். என் மெஷினில் அந்த சுவிட்சோட முனை ரெண்டும் கரிபிடிச்சு, குழி விழுந்து கிடந்தது. மூடியிருக்கும்போதே கரண்ட் சரியா போகல. அப்புறம் அடி எங்கேருந்து வரும்?

பிளக்கைப் பிடுங்கிட்டு அரத்தால லேசா ராவினேன். பாதி குணம்.

மீதியைப் பிளஞ்சரை, அதாவது காயிலுக்குள்ள இழுபடுற இரும்புத் தண்டை, உருவினதும் பார்த்தேன். முனை, சுத்தியல் அடி வாங்கின உளித்தலை மாதிரி விரிஞ்சிருக்கு. அது ஓடுற குழாயான ஸ்லீவுக்குள்ள கறுப்புப் பிசின். எந்த மகராசனோ எண்ணெய் விட்டிருக்கான்! அங்கே எண்ணெயே கூடாது சாமி, தூசியை இழுத்து அப்பிக்கும்.

பிளஞ்சர், ஸ்லீவ், பிளஞ்சர் போய் முட்டி நிக்கிற ஸ்டாப் மூணும் புதுசு. இப்போ வலது பின்னுது. இடதுதான் நோஞ்சானாத் தெரியுது.