ரொறன்ரோவில் மானிய வீடு, வாடகை உதவி: புதிதாக வந்தவர்களுக்கான நாட்குறிப்பு

ஜனவரி 14
வந்திறங்கிய கிழமையிலேயே மானிய வீட்டுக்குப் பதியுங்கள். பெரும்பாலும் விண்ணப்பத் திகதியை வைத்தே வரிசை நகர்கிறது. ஒரு படுக்கையறை வீட்டுக்குப் பத்து வருடத்துக்கு மேலும் காத்திருக்க நேரிடும். "பிஆர் (நிரந்தர வதிவுரிமை) வரட்டும்" என்று பொறுத்திருக்கத் தேவையில்லை. அகதிக் கோரிக்கை கொடுத்தவரும் நிரந்தர வதிவுரிமைக்கு விண்ணப்பித்தவரும் தகுதியானவர்களே. ஆனால் படிவத்தில் பெயருள்ள ஒவ்வொருவருக்கும் அந்தத் தகுதி வேண்டும். விசிட்டர் விசாவில் நிற்கும் அம்மாவின் பெயரையும் போட்டால் முழுக் குடும்பத்தின் விண்ணப்பமும் சிக்கிக்கொள்ளும். பதிவு இணையத்தில், நகரசபையின் மை ஆக்சஸ் டு ஹவுசிங் டிஓ (MyAccesstoHousingTO) தளத்தில்.

ஜனவரி 29
எங்கள் ஆட்களுக்கு அதிகம் இடிப்பது பெயர்தான். குடிவரவுப் பத்திரத்தில் தகப்பன் பெயர் குடும்பப் பெயராக இருக்கும், வங்கியில் மாறிக் கிடக்கும். பத்திரத்தில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து, எல்லா இடத்திலும் கொடுங்கள்.

மார்ச் 6
வருமானம் பூச்சியமென்றாலும் ஏப்ரல் 30க்குள் வரிக்கணக்கு கொடுங்கள். மானிய வீட்டின் வாடகை, குடும்பத்தின் நிகர வருமானத்தில் சுமார் 30 சதவீதம். அதைக் கணக்கிட வரி மதிப்பீட்டுக் கடிதத்தைத்தான் பார்ப்பார்கள். கணவன் மட்டும் கொடுத்து மனைவி விட்டுவிடுவது வழமையான பிழை. இலவச வரி முகாம்கள் பங்குனி, சித்திரையில் நடக்கும்.

மார்ச் 20
கனடா-ஒன்ராறியோ வீட்டு உதவித்தொகை 2020இல் தொடங்கியது. நாமாக விண்ணப்பிக்க முடியாது, நகரசபை வழியாக அழைப்பு வர வேண்டும். வருமானத்தின் 30 சதவீதத்துக்கும் அந்தப் பகுதிச் சராசரி வாடகையின் 80 சதவீதத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத் தருவார்கள். சராசரி 1,700 டொலர் என்றால் 80 சதவீதம் 1,360; மாத வருமானம் 2,000 என்றால் 30 சதவீதம் 600; கிடைப்பது 760. இதை ஏற்றால் மானிய வீட்டு வரிசையிலிருந்து பெயர் போய்விடும். ஆனாலும் வாடகையே கழுத்தை நெரிக்கும் குடும்பத்துக்கு, இன்று கையில் வரும் பணமே மேல் என்பது என் கருத்து.

ஏப்ரல் 17
மானிய வீடு கிடைக்கும்வரை பேஸ்மென்டில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு: வீட்டுக்காரர் கேட்கக்கூடிய வைப்பு கடைசி மாத வாடகை மட்டுமே, சாவிக்கு மீளத் தரும் சிறு தொகை வேறு. ஆறு மாத முற்பணம், சேத வைப்பு எல்லாம் சட்டவிரோதம். கனடாவில் கடன் வரலாறு இல்லை என்பதை வைத்து மட்டும் புதியவரைத் தட்டிக்கழிப்பதும் மனித உரிமைச் சட்டத்துக்கு முரண். காசாகக் கொடுத்தால் பற்றுச்சீட்டு கேளுங்கள். இலவசமாகத் தரவேண்டியது வீட்டுக்காரரின் கடமை. சீட்டு இல்லையென்றால் பிறகு உதவி கேட்கும்போது காட்ட ஒன்றும் இருக்காது. வாடகை பிந்தி என்4 அறிவித்தல் (நிலுவையைக் கட்டாவிட்டால் வெளியேறும்படி வீட்டுக்காரர் தரும் படிவம்) வந்தால் உடனே வீட்டைக் காலி செய்யாதீர்கள்: அதில் குறித்த நாளுக்குள் நிலுவையைக் கட்டினால் அறிவித்தல் செல்லாது. சமூக உதவிகளைப் பற்றிச் சொல்லும் 211 என்ற தொலைபேசி எண்ணுக்கு அழைத்துத் தமிழில் பேச ஆள் கேளுங்கள், வாடகை நிலுவைக்கு உதவும் வாடகை வங்கி (ரென்ட் பேங்க்) திட்டத்தைப் பற்றி விசாரியுங்கள்.

மே 8
தொலைபேசி எண், முகவரி, பிறந்த குழந்தை, எது மாறினாலும் மானிய வீட்டுக்குப் பதிந்த தளத்தில் மாற்றுங்கள். ஒன்றும் மாறாவிட்டாலும் வருடத்துக்கு ஒருமுறை புதுப்பியுங்கள். வீடு தருவதாக அவர்கள் சொல்லி நீங்கள் மறுத்தால், தக்க காரணம் இல்லாவிட்டால், அந்த ஒரே மறுப்பில் பெயர் வெட்டப்படும். போக விரும்பாத கட்டடத்துக்கு முதலிலேயே விருப்பம் தெரிவிக்காதீர்கள்.