கீற்றுப் பந்தலும் 27ஆம் சங்கீதமும்

நாங்கள் எருசலேமில் இறங்கியது யூதர்களின் கூடாரப்பண்டிகை நேரம். அறுவடையைச் சேர்த்து முடித்தபின் ஏழு நாள் கொண்டாட்டம். கூட்டம் தாங்காது என்று போய்வந்தவர்கள் சொன்னது சரிதான். ஆசாரியர்கள் ஆசீர்வாதம் கூறும் நாளில் மேற்குச் சுவருக்குப் போய், தூரத்தில் நின்று பார்த்ததோடு சரி. பேரீச்சங்குருத்தும் ஆற்றலரியும், எலுமிச்சைக்கு அண்ணன் போலிருந்த எத்ரோக் பழமுமாகக் குடும்பம் குடும்பமாகப் போனார்கள்.

கூடாரம் என்றே படித்து வளர்ந்ததால் துணிக்கூடாரங்களைத் தேடினேன். ஒன்றும் காணோம். பால்கனி, ஓட்டல் முற்றம், நடைபாதை என எங்கும் பந்தல்தான்! எபிரேயத்தில் சுக்கா. சுவர் பலகையோ துணியோ, எதுவானாலும் சரி. கூரைக்குத்தான் கண்டிப்பு: வெட்டிய ஓலையோ கிளையோ போட வேண்டும், உள்ளே வெயிலைவிட நிழல் அதிகம் விழ வேண்டும். ஆனாலும் ராத்திரியில் நட்சத்திரம் தெரிகிற அளவுக்கு இடைவெளி விடுவார்கள். மழை பெய்தால் நனைய வேண்டியதுதான்.

எனக்கு எங்கள் வாசலில் போட்ட தென்னங்கீற்றுப் பந்தல் ஞாபகம் வந்துவிட்டது. ஐந்து மாதத்துக்கு முன் அப்பா இறந்தபோது போட்டது. இயேசு வளர்ந்த ஊரைப் போலவே, தூத்துக்குடி மாவட்டத்தில் எங்கள் ஊரின் பெயரும் நாசரேத்தான். பந்தலைப் பிரித்துக்கொண்டு போன அன்றுதான் அப்பா இல்லை என்பது உறைத்தது. அவர் ராத்திரி ஜெபத்தில் அடிக்கடி வாசித்தது பைபிளில் தாவீது பாடிய 27ஆம் சங்கீதம். தகப்பனும் தாயும் கைவிட்டாலும் என்று வருமே, பத்தாம் வசனம், அதற்குப் பயந்து நான் அந்தப் பக்கத்தையே திறக்கவில்லை.

அன்று மாலை ஓட்டல் சுக்காவில் ஒரு பெரியவர் சிறு புத்தகத்தை வைத்து முணுமுணுத்துக்கொண்டிருந்தார். வழிகாட்டியிடம் கேட்டேன். 27ஆம் சங்கீதமாம். பண்டிகைக்கு முந்தின எபிரேய மாதமான எலுல் தொடங்கிப் பண்டிகை முடியும்வரை ஏறக்குறைய 50 நாள் தினமும் சொல்வார்களாம். ஐந்தாம் வசனத்தில் வருவதும் இதே சுக்கா என்ற சொல்தான் என்று கூரையைக் காட்டினார். தீங்குநாளில் தமது கூடாரத்தில் மறைப்பார் என்று நாம் படிக்கிறோமே, அந்த இடம். அடுத்த வரியில் எபிரேயம் வேறு சொல்லைப் போடுகிறது. தமிழில் இரண்டுமே கூடாரம் ஆகிவிட்டது.

அப்படியானால் தாவீது கேட்டது பந்தலையா? இத்தனை வருஷமாகக் கெட்டியான ஒரு மறைவைத்தான் நினைத்திருந்தேன். அது கிடைக்கவில்லை என்றுதான் கர்த்தர்மேல் கோபம். நிமிர்ந்து பார்த்தேன். ஓலை இடுக்கில் இரண்டு நட்சத்திரம். காற்றுக்குக் கூரை சலசலத்தது. எங்கள் வாசல் பந்தலும் ராத்திரியெல்லாம் அப்படித்தான் சலசலத்தது. அதன் கீழே யார் யாரோ வந்து என்னோடு விழித்திருந்தார்கள்.

அறைக்குப் போய் அப்பாவின் பைபிளை எடுத்தேன். பத்தாம் வசனத்தில் கொஞ்சம் நின்று, அப்புறம் மேலே வாசித்தேன்.

மறுநாள் கலிலேயாவுக்குப் பயணம். பஸ் கிளம்பியதும் தூங்கிவிட்டேன். அப்பா போனபின் அப்படித் தூங்கியதில்லை. "நாசரேத் வந்தாச்சு, இறங்குங்க" என்று யாரோ தோளைத் தட்டினார்கள். ஒரு நொடி, எங்கள் ஊர் என்றே நினைத்தேன்.