முதலில் வாதம், அப்புறம் எழுத்துப்பிழை

கற்றல் குறைபாடுள்ள பிள்ளையிடம் "இதைத் திருத்தி எழுது" என்று சொல்லிப் பாருங்கள். எழுத்துப்பிழையைத் தேடும், முற்றுப்புள்ளி வைக்கும், பிறகு முழுவதையும் அழகான கையெழுத்தில் நகலெடுக்கும். கருத்து மட்டும் அப்படியே இருக்கும். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த் பகுதியில், மாலை நேரங்களில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு எழுத உதவுகிறேன். அவர்களைக் குற்றம் சொல்லவே முடியாது. அவர்கள் நோட்டில் இத்தனை வருடமாகச் சிவப்பு மை விழுந்ததெல்லாம் எழுத்துப்பிழை மேல்தான்.

பள்ளிக்கு எழுதுவது ஆங்கிலத்தில். 6ஆம் வகுப்புப் பையன் ஒருவன், டிஸ்லெக்சியா (வாசிப்பதும் எழுத்துக்கூட்டுவதும் சிரமமாகும் கற்றல் குறைபாடு) உள்ளவன், தைப்பூசத்துக்குத் தென்னாப்பிரிக்காவில் பொது விடுமுறை வேண்டும் என்று எழுதி வந்தான். காவடி 'நைஸ்', கூட்டம் 'நைஸ்', எல்லாரும் போவார்கள், அதனால் லீவு. அவ்வளவுதான். ஏன் எங்கும் 'நைஸ்' என்றால், 'இம்பார்ட்டன்ட்' எழுத வராதாம். எழுத வருகிற சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு யாரை இணங்கவைக்க முடியும்?

பேனாவை வாங்கி வைத்துவிட்டு, நான் அதை உரக்கப் படித்தேன். அவனே படித்தால் மனதில் இருப்பதைப் படித்துவிடுவான்; தாளில் இல்லாதது தெரியாது. அப்புறம் கேட்டேன்: "முடியாதுன்னு சொல்றவர் என்ன காரணம் சொல்வார்?"

யோசித்தான். "ஒவ்வொரு மதத்துக்கும் லீவு விட்டா வேலை எப்போ நடக்கும்னு கேப்பாங்க, மேம்."

"சரி, அதுக்கு நீ என்ன சொல்லுவே?"

மடை திறந்துவிட்டது. கிறிஸ்துமஸுக்கும் புனித வெள்ளிக்கும் விடுமுறை இருக்கிறதே. மொரிஷியஸில் தைப்பூசம் அரசு விடுமுறையாயிற்றே. மாமா காவடி எடுக்க வருடா வருடம் தன் சொந்த லீவைச் செலவழிக்கிறாரே. இதில் ஒன்றுகூடத் தாளில் இல்லை! ஒவ்வொன்றையும் அவன் சொன்ன வார்த்தையிலேயே தனித்தனிக் காகிதத் துண்டில் எழுதிக் கொடுத்தேன். மேசையில் மாற்றி மாற்றி அடுக்கினான். மாமாவை முதலில் வைத்தான், பிறகு கடைசிக்கு நகர்த்தினான். 'எல்லாரும் போவார்கள்' என்ற துண்டை அவனே எடுத்துப் போட்டான். "போகாதவங்க இருக்காங்களே, அவங்ககிட்டதானே லீவு கேக்கறோம்." திருத்துவது என்றால் இதுதான்.

இது என் கண்டுபிடிப்பு அல்ல. 1998இல் அமெரிக்காவில் ஆய்வாளர்கள் சூசன் டி லா பாஸ், ஸ்டீவ் கிரஹாம் குழுவினர், எழுதச் சிரமப்படும் 8ஆம் வகுப்பு மாணவர்களுக்குத் திருத்த வழிகாட்டும் அட்டைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒப்பிடு, குறையைக் கண்டுபிடி, மாற்று என்று படிப்படியாகப் போகிற முறை. முதலில் மொத்தக் கட்டுரையைப் பார்க்க வேண்டும், வாக்கியங்களை அப்புறம். எதிர்வாதத்தைக் கவனிக்காமல் விட்டோமா என்பதும் அதில் ஒரு கேள்வி. மாணவர்கள் செய்த திருத்தங்கள் கூடின, கட்டுரையும் தேறியது.

"நீங்க எழுதிக் கொடுத்தா அது அவன் எழுத்தா?" என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். இங்கே தகுதியுள்ள பிள்ளைகளுக்குத் தேர்விலேயே சொல்லச் சொல்ல எழுத ஆள் தருகிறார்கள். நான் ஒரு சொல்லையும் சேர்ப்பதில்லை. அதில் கறாராகவே இருக்கிறேன்.

எழுத்துப்பிழைக்குத் தனியாக வேறொரு நாள் வைத்துக்கொள்ளலாம். வீட்டில் தாத்தாவோ பாட்டியோ இருந்தால் எதிர்க்கட்சி வேலையை அவர்களுக்குக் கொடுங்கள். "அதெல்லாம் ஏன் தரணும்?" என்று விடாமல் கேட்க ஆங்கிலம் படித்திருக்க வேண்டியதில்லை.