கரைக்குப் பதில் கறை

புத்தகங்களுக்கு ப்ரூஃப் பார்ப்பது என் வேலை. 11 வருடமாக அடுத்தவர் எழுத்தில் பிழை தேடியே சம்பாதிக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் நான் பார்த்துக்கொடுத்த நாவல் ஒன்று அச்சாகி வந்தது. ஏழாம் அத்தியாயத்தின் தலைப்பு ‘கரை ஒதுங்கிய நாள்’. அச்சில் ‘கறை ஒதுங்கிய நாள்’ என்று இருந்தது. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் அத்தியாயப் பெயர் வரும் புத்தகம் அது. அதனால் 18 பக்கங்களிலும் கறை.

உள்ளே ஒரு சந்திப்பிழையைக்கூட விடாமல் பார்த்திருந்தேன். தலைப்பு மட்டும் தப்பிவிட்டது. எழுத்து பெரிதாக இருந்தால் கண் அதில் நிற்காது, வழுக்கிக்கொண்டு போய்விடும். இந்த வேலையில் பழம் தின்று கொட்டை போட்டவர்களும் இதில் மாட்டியிருக்கிறார்கள். நாவலாசிரியரே ஃபோனில், “அடுத்த பதிப்புல மாத்திக்கலாம், விடுங்க” என்றார். என்னால் விட முடியவில்லை. கிட்டத்தட்ட ஒரு மாதம், இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வரும். உடனே அந்த ‘றை’ கண்முன் நிற்கும். அதன் பின்னாலேயே மற்றவையும் வரிசை கட்டும்: எப்போதோ தோழியிடம் சொன்ன கடுஞ்சொல், பதில் போடாத கடிதம், தவறவிட்ட பிறந்தநாள். என் வாழ்க்கையையே ப்ரூஃபாக விரித்து வைத்து, சிவப்புப் பேனாவால் சுழித்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் என்னை உலுக்கியது அதுவல்ல, என் மகளின் நோட்டு. அப்போது அவளுக்கு 7 வயது. ‘ழ’ எழுதிப் பழகிக்கொண்டிருந்தாள். கீழே இறங்கும் சுழி அவள் நினைத்தபடி வரவில்லை. ரப்பரால் அழித்தாள், எழுதினாள், மறுபடி அழித்தாள். நாலாவது தடவை காகிதம் பஞ்சு மாதிரி எழும்பியது. அப்புறம் கிழிந்தது. அவள் அழவில்லை. நோட்டை மூடிவிட்டு, “நான் மோசம்மா” என்றாள், ஏதோ தகவல் சொல்வதுபோல.

எழுத்துக்காக அவளை ஒருநாளும் திட்டியதில்லை. திட்டத் தேவையே இல்லை என்பது அன்றுதான் புரிந்தது. ஒரே வரியை நாலு தடவை வாசித்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொள்ளும் அம்மாவை அவள் தினமும் பார்த்துக்கொண்டிருந்தாளே.

அதற்குப் பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். குறையே இருக்கக்கூடாது என்ற இந்தப் பிடிவாதத்தை பால் ஹெவிட், கோர்டன் ஃபிளெட் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1991-இல் மூன்றாகப் பிரித்தார்கள். நாம் நம்மிடமே எதிர்பார்ப்பது, மற்றவர்களிடம் எதிர்பார்ப்பது, மற்றவர்கள் நம்மிடம் எதிர்பார்ப்பதாக நாம் நம்புவது. என்னுடையதில் பெரும்பங்கு மூன்றாவது. “விடுங்க” என்று அந்த மனிதர் வாய்விட்டுச் சொன்ன பிறகும், அவர் உள்ளுக்குள் என்னைப் பழிக்கிறார் என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

டொனால்ட் வின்னிகாட் எழுதியது இன்னும் நேராக என்னிடம் பேசியது. குழந்தை மருத்துவர், மனநலத்திலும் பெரிய பெயர். ‘போதுமான அளவு நல்ல தாய்’ என்று 1953-இல் ஒரு கட்டுரையில் எழுதினார். கைக்குழந்தையின் தேவைக்கு ஏறக்குறைய முழுசாக ஈடுகொடுக்கும் தாய், அது வளர வளர, தாங்கும் அளவு பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொள்கிறாள். அந்தச் சின்னப் போதாமைகள் வழியாகத்தான் உலகம் தன் இஷ்டப்படி நடக்காது என்று குழந்தை பழகுகிறது. இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். போதுமான அளவு என்று ஒரு அளவு இருப்பதே அதுவரை எனக்குத் தெரியாது.

ஒரு மனநல ஆலோசகரிடமும் போனேன். தூக்கமும் பசியும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தால், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால், தானாகச் சரியாகும் என்று காத்திருக்காதீர்கள். நான் காத்திருந்தேன், அது தேவையில்லாத வேதனை.

இப்போது எந்தப் பக்கத்தையும் இரண்டு தடவைக்கு மேல் வாசிப்பதில்லை. தலைப்புகளை மட்டும் தனியாக, கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கி, ஒவ்வொரு எழுத்தாகப் பார்க்கிறேன். அப்புறம் இன்னொருவர் கையில் கொடுத்துவிடுகிறேன்.

படுக்கை பக்கத்தில் ஒரு நோட்டு இருக்கிறது. பேய்லர் பல்கலைக்கழகத்தில் 57 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2018-இல் வெளியானது. படுக்கும் முன் 5 நிமிடம், இனி செய்ய வேண்டியவற்றை எழுதியவர்கள், முடித்தவற்றை எழுதியவர்களைவிட சுமார் 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். விவரமாக எழுதியவர்களுக்குத் தூக்கம் இன்னும் சீக்கிரம் வந்தது. 9 நிமிடம் சின்ன விஷயமாகத் தெரியலாம். இரவு இரண்டு மணியின் நீளம் தெரிந்தவர்களுக்கு அப்படித் தெரியாது. நானும் விவரமாகவே எழுதுகிறேன். பேனாவில்தான் எழுதுவது, அழிப்பதில்லை என்று மகளோடு ஒப்பந்தம். அவளும் சில நாள் தன் வரியைச் சேர்ப்பாள்.

நாவலின் இரண்டாம் பதிப்பு போன மாதம் வந்தது. ‘கரை’ சரியாக இருக்கிறது. 212-ஆம் பக்கத்தில் ஒரு ‘ப்’ விட்டுப்போயிருக்கிறது. “பக்கம் 212, ஒற்று இல்லை, திங்கட்கிழமை காலை சொல்ல வேண்டும்” என்று அன்றிரவு நோட்டில் எழுதினேன். அதற்குக் கீழே, கொஞ்சம் கோணலான ‘ழ’வோடு, “பழைய ஷூ தேடணும்” என்று அவள் எழுதியிருந்தாள்.