சீனப் போர்ப்பிரபுக்கள் காலம்: ரயில் பாதையை வரைந்து படித்த அனுபவம்

எம்.ஏ. வரலாற்றில் நவீன சீனா தாளுக்குப் படித்தபோது என்னை அதிகம் அலைக்கழித்தது 1916 முதல் 1928 வரையிலான போர்ப்பிரபுக்கள் காலம்தான், அதாவது படைத் தளபதிகள் ஆளுக்கொரு பகுதியைக் கையில் வைத்திருந்த காலம். ஓர் உள்தேர்வில், 1920 போரில் மஞ்சூரியாவின் போர்ப்பிரபு ஜாங் சோலின், ஜிலி என்ற தளபதிகள் அணியை எதிர்த்தார் என்று எழுதி மதிப்பெண்ணை இழந்தேன். உண்மையில் அந்த ஆண்டு இருவரும் ஒரே பக்கம். அன்ஹுய் அணியின் துவான் சிரூயைச் சேர்ந்தே வீழ்த்தினார்கள். அவர்களுக்குள் சண்டை மூண்டது 1922-இல்.

அணிகளை அரசியல் கட்சிகள் போல நினைத்துப் படித்ததுதான் என் தவறு. சீன அதிபர் யுவான் ஷிகாய் இறந்தபின் பிளவுபட்ட படைத் தளபதிகளின் கூட்டுகள் அவை. பெய்ஜிங்கைப் பிடித்தவருக்குத்தான் வெளிநாட்டு அங்கீகாரம். அதனால் அங்கே யார் கை ஓங்கினாலும் மற்றவர்கள் அவருக்கு எதிராகத் திரண்டார்கள். இது பிடிபட்டதும் ஆண்டுகள் தானாக மனதில் நின்றன.

அப்புறம் ஒரு தாளில் மூன்று கோடுகள் போட்டேன். பெய்ஜிங்கிலிருந்து மஞ்சூரியாவின் முக்டெனுக்கு (இன்றைய ஷென்யாங்) ஒன்று, தெற்கே யாங்சி ஆற்றங்கரையின் ஹாங்கோவுக்கு ஒன்று, தியான்ஜினிலிருந்து அதே ஆற்றங்கரையின் புகோவுக்கு ஒன்று. படைகள் இந்த ரயில் பாதைகளை நம்பித்தான் நகர்ந்தன. 1924 போரை இந்தப் படம் இல்லாமல் படிக்கவே வேண்டாம் என்பேன். ஜிலி தளபதி வூ பெய்ஃபூ, பெருஞ்சுவர் கடலைத் தொடும் ஷான்ஹாய்குவானில் ஜாங்கின் படையோடு மோதிக்கொண்டிருந்தார். அவருடைய சொந்த அணியின் ஃபெங் யூசியாங் போர்முனையிலிருந்து திரும்பி வந்து, அக்டோபர் 23 அன்று பெய்ஜிங்கைக் கைப்பற்றினார். அதிபர் சாவோ குன் சிறைப்பட்டார். தெற்கிலிருந்து உதவிப் படை வரலாமே என்று கேட்கலாம். ஹாங்கோ பாதையை ஷான்சி மாகாணத்தின் போர்ப்பிரபு யான் சிஷான் மறித்துவிட்டார், புகோ பாதையும் ஷான்டோங்கில் அடைபட்டது. கடைசியில் வூ கப்பலேறித் தப்ப வேண்டியதாயிற்று. விடையில் இந்த ரயில் விவரத்தை எழுதுங்கள். தோல்விக்கான காரணம் வெறும் துரோகத்தோடு நின்றுவிடாது.

தெற்கிலிருந்து சியாங் கை-ஷெக்கின் தேசியவாதப் படை 1926-இல் தொடங்கிய வடக்குப் படையெடுப்பைப் பெரும்பாலான பாடநூல்கள் விரிவாகவே சொல்கின்றன, அதற்கு அதிக நேரம் வேண்டாம். 1928 ஜூனில் ஜாங் சோலின் வெடிகுண்டுக்குப் பலியானதும் முக்டென் பாதையில்தான், அதையும் படத்தில் குறியுங்கள். 1930-இன் மத்திய சமவெளிப் போரை மட்டும் தனித் தாளில் வைத்துக்கொள்ளுங்கள். நாடு பெயரளவில் ஒன்றுபட்ட பிறகு நடந்தது அது. யான் சிஷானும் ஃபெங்கும் சியாங் கை-ஷெக்கை எதிர்த்து நின்றபோது, ஜாங்கின் மகன் சூலியாங் சியாங் பக்கம் சாய்ந்ததுதான் முடிவைத் தீர்மானித்தது.