கார் சுற்றிப் போகும் ஊர்: ஹவுட்டனில் இரண்டு நாள்

உட்ரெக்ட் மத்திய ரயில் நிலையத்திலிருந்து ஹவுட்டனுக்குப் பத்து நிமிடம்தான். நெதர்லாந்துக்குச் சுற்றுலா வருகிறவர்கள் பெரும்பாலும் உட்ரெக்டோடு நின்றுவிடுவார்கள். கால்வாய்க் கரையில் உட்காருவார்கள், டோம் கோபுரத்தில் ஏறுவார்கள். நான் அதையெல்லாம் ஒரே மதியத்தில் முடித்துக்கொண்டு, பக்கத்தில் இருக்கும் இந்தச் சின்ன ஊருக்கு இரண்டு நாள் ஒதுக்கியிருந்தேன்.

பெருநகரத்துக்கு வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்களின் ஊர்களைப் பற்றி எனக்கு ரொம்ப நாளாகவே ஒரு வருத்தம் உண்டு. நிலம் மலிவு என்று வீடுகள் முதலில் வந்துவிடும். நடைபாதை, பள்ளி, பூங்கா எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போகும். காலையில் ஊர் காலியாகும், இரவில் தூங்குவதற்கு நிரம்பும். ஹவுட்டனுக்கும் அந்தக் கதிதான் வந்திருக்க வேண்டும். ஏன் வரவில்லை என்பதை நேரில் பார்க்கத்தான் போனேன்.

ரயில் பாதை இங்கே பாலத்தின் மேல் போகிறது. நடைமேடையிலிருந்து படியிறங்கினால் நேராக சைக்கிள் நிறுத்துமிடத்துக்குள் வந்து நிற்கிறோம். தண்டவாளத்துக்கு அடியிலேயே 3,000 சைக்கிளுக்கு மேல் நிறுத்த இடம். காலையில் சைக்கிளை ஓட்டிக்கொண்டே உள்ளே வரலாம், நிறுத்தலாம், படியேறினால் ரயில். மழையில் நனைய வேண்டாம், எந்தச் சாலையையும் கடக்க வேண்டாம். சாயங்கால ரயிலில் என்னோடு இறங்கிய கூட்டம் ஐந்து நிமிடத்துக்குள் கலைந்துவிட்டது. பூட்டுத் திறக்கும் சத்தமும் மணிச் சத்தமும்தான் கேட்டன. ஒரு ஹாரன் கூட இல்லை.

அக்கா இரண்டு சைக்கிள்களோடு காத்திருந்தார். கல்லூரியில் எனக்கு இரண்டு வருடம் மூத்தவர். உட்ரெக்டில் வேலை, வீடு இங்கே. “ஓட்ட மறந்துடலையே?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் மிதிக்க ஆரம்பித்தார்.

ஊரின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 1960கள் வரை இது ஒரு தேவாலயம், ஒரு சதுக்கம், சுற்றிலும் வயல் என்று இருந்த சாதாரண கிராமம். நகரங்களின் நெரிசல் நாலாபக்கமும் சிதறாமல் இருக்க, குறிப்பிட்ட சில ஊர்களை மட்டும் வளர்ப்பது என்று நெதர்லாந்து அரசு முடிவெடுத்தபோது அந்தப் பட்டியலில் ஹவுட்டனும் சேர்ந்தது. ஆட்கள் வரப்போகிறார்கள் என்பது முன்கூட்டியே தெரியும். அப்போதுதான் ராப் டெர்க்ஸ் என்ற கட்டிடக் கலைஞர் ஒரு திட்டம் போட்டார். கார் வாங்குவதுதான் முன்னேற்றம் என்று ஐரோப்பா முழுக்க நினைத்த காலம் அது. அந்த நேரத்தில், ஊருக்குள் குறுக்கு வழி சைக்கிளுக்கும் நடைக்கும்தான், கார் வெளியே சுற்றிப் போகட்டும் என்று அவர் வரைந்ததையும், அந்தச் சின்ன கிராமத்தின் மன்றம் அதை ஏற்றுக்கொண்டதையும் நினைத்தால் எனக்கு இப்போதும் மலைப்பாக இருக்கிறது.

ஊரைச் சுற்றி ஒரு வளையச் சாலை. ரோன்ட்வெக் என்கிறார்கள். ஒவ்வொரு குடியிருப்புக்கும் அந்த வளையத்திலிருந்து காரில் உள்ளே வரலாம். ஆனால் ஒரு குடியிருப்பிலிருந்து அடுத்ததற்குக் காரில் நேராகப் போக முடியாது. மறுபடி வளையத்துக்கு வெளியேறி, சுற்றிக்கொண்டு, வேறு வாசல் வழியாகத்தான் நுழைய வேண்டும். சைக்கிளுக்கு அந்தத் தடையே இல்லை. ஊரின் நடுவே ஓடும் பசுமைப் பட்டையை ஒட்டி முதன்மை சைக்கிள் பாதைகள் போகின்றன. பள்ளிகளில் பெரும்பாலானவை அந்தப் பாதைகளின் ஓரத்திலேயே இருக்கின்றன.

படித்துத் தெரிந்துகொண்டது போதாது என்று மறுநாள் காலை ஒரு சோதனை செய்து பார்த்தோம். பக்கத்துக் குடியிருப்பில் அக்காவின் தோழி வீடு. முதலில் காரில் போனோம். வளையத்துக்கு வெளியேறி, ரவுண்டானா சுற்றி, அடுத்த வாசலில் நுழைந்து, வண்டியை நிறுத்த எட்டு நிமிடம். திரும்பி வந்து அதே வீட்டுக்கு சைக்கிளில் போனோம். மூன்று நிமிடம். அக்காவிடம் கார் இருக்கிறது. அதை எடுக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, அபராதம் இல்லை, விழிப்புணர்வுப் பலகையும் இல்லை. “பால் வாங்கக் கார் எடுத்தா எனக்குத்தானே நேரம் போகுது” என்றார். திட்டம் முழுவதும் அந்த ஒரு வரிக்குள் இருக்கிறது என்று தோன்றியது. மனிதர்களின் நல்ல குணத்தை நம்பி இந்த ஊரை அமைக்கவில்லை. நல்லதையே சுலபமானதாகவும் ஆக்கி வைத்திருக்கிறார்கள்.

வளையச் சாலையை சைக்கிள் பாதை சந்திக்கும் இடங்களில் கீழே சுரங்கப்பாதை. அதையும் கவனமாகச் செய்திருக்கிறார்கள். கார் சாலையைக் கொஞ்சம் உயர்த்திவிட்டதால் சைக்கிள் ரொம்ப ஆழம் இறங்க வேண்டியதில்லை. உள்ளே நுழையும்போதே மறுமுனை வெளிச்சம் தெரிகிறது. இரவில் தனியாக வரும் ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை வரைந்தவர்கள் யோசித்திருக்கிறார்கள்.

அக்காவின் மகளுக்கு ஒன்பது வயது. பள்ளிக்குத் தனியாக சைக்கிளில் போகிறாள். அன்று காலை அவள் கிளம்பியதும் நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அடுத்த திருப்பத்தில் இன்னும் மூன்று பிள்ளைகள் சேர்ந்துகொண்டார்கள், பேசிக்கொண்டே போனார்கள். யாரும் அவர்களைக் கொண்டுபோய் விடவில்லை. அக்கா அதே நேரத்தில் நிதானமாகக் காபி குடித்துக்கொண்டிருந்தார். காலையில் அலுவலகத்துக்கு ஓடும் ஒரு தாய்க்கு அந்த அரை மணி நேரத்தைக் கொடுத்தது நகரத் திட்டமிடல்தான்.

1990களில் இரண்டாவது சுற்று வளர்ச்சி வந்தது. வினெக்ஸ் என்ற தேசிய வீட்டுவசதிக் கொள்கையின்படி தெற்கே இன்னொரு பாதி ஊரைக் கட்டினார்கள். பழைய வளையத்தை உடைக்காமல் அதை ஒட்டி இரண்டாவது வளையம் போட்டார்கள். வரைபடத்தில் இப்போது ஊர் ஒரு வண்ணத்துப்பூச்சி போலத் தெரிகிறது. தெற்குப் பகுதிக்கு காஸ்டெல்லம் என்று தனி ரயில் நிலையம். இந்த வட்டாரம் ஒரு காலத்தில் ரோமப் பேரரசின் எல்லையை ஒட்டி இருந்தது, ரோமக் கோட்டையைக் குறிக்கும் சொல்தான் காஸ்டெல்லம். இன்று மக்கள்தொகை சுமார் 50,000. ஊர் இரட்டிப்பானபோது பழைய மையம் போதாமல் போயிற்று. ஆனாலும் நெடுஞ்சாலை ஓரம் ஒரு பெரிய வணிக வளாகம் கட்டி மையத்தைக் கைவிடவில்லை. ரயில் நிலையத்தை ஒட்டியே கடைகளையும் நகராட்சி அலுவலகத்தையும் வைத்துப் பெரிதாக்கினார்கள். தண்டவாளம் நான்காக விரிந்தபோது, 1868ஆம் ஆண்டின் பழைய நிலையக் கட்டிடத்தை இடிக்க மனமில்லாமல் 2007இல் அப்படியே சுமார் 150 மீட்டர் நகர்த்தி வைத்தார்கள். அதன் முன்னால் நான் வெகுநேரம் நின்றேன். வேகமாக வளரும் ஊர் தன் பழைய முகத்தைக் கழற்றி எறிவதுதான் வழக்கம்.

வேலைக்குப் போய் வருகிறவர் தினமும் இந்த மையத்தைக் கடந்துதான் வீட்டுக்குப் போகிறார், அதனால் கடைகளுக்கு ஆள் வருகிறது. காரில் வந்து இறங்கும் ஊரில் இது நடக்காது.

குறைகளும் உண்டு. வீடுகள் பல ஒரே அச்சில் வார்த்தவை. செங்கல், சிறு தோட்டம், மறுபடி செங்கல். வளையச் சாலையில் காலை நேரத்தில் வண்டிகள் வரிசையாகவே போகின்றன. உட்ரெக்ட் தவிர்த்து வேறு ஊர்களில் வேலை செய்பவர்கள் கார்தான் எடுக்கிறார்கள். வீட்டு வாசல்களில் கார்களுக்குப் பஞ்சமில்லை. இரவு எட்டு மணிக்கு மேல் தெருக்கள் ரொம்ப அமைதி, இருபது வயதுக்காரர்களுக்கு இங்கே அலுக்கும். நிலையத்துக்குப் பக்கத்தில் மோலன்ஸோம் என்ற அலுவலகப் பகுதியை இப்போது குடியிருப்புகளாக மாற்றி வருகிறார்கள். காலியான அலுவலகத்தை இடித்து அடுக்குமாடி வீடு கட்டினால், புது வயலைத் தொடாமலேயே ரயிலுக்கு நடக்கும் தூரத்தில் ஆட்கள் சேருவார்கள். குடும்பங்களுக்காகக் கட்டிய ஊரில் தனியாக வாழ்பவர்களுக்கும் வயதானவர்களுக்கும் இடம் கிடைக்க இதுதான் சரியான வழி என்று நினைக்கிறேன். நெதர்லாந்தின் சைக்கிள் ஓட்டுவோர் சங்கம் 2008இலும் 2018இலும் இந்த ஊரைச் சிறந்த சைக்கிள் நகரமாகத் தேர்ந்தெடுத்தது. அந்தப் பெருமையில் தூங்கிவிடாமல் இன்னும் திருத்திக்கொண்டிருக்கிறார்களே, அதுதான் எனக்குப் பிடித்தது.

இரண்டாம் நாள் மாலை கிளம்பினேன். நிலையம் வரை வழி காட்டுகிறேன் என்று அக்காவின் மகள் சைக்கிளில் முன்னால் போனாள். சிவப்புத் தார் போட்ட தெரு. ‘கார் இங்கே விருந்தாளி’ என்று டச்சு மொழியில் பலகை. பின்னால் ஒரு கார் வரும் சத்தம் கேட்டதும் நான் சட்டென்று ஓரம் ஒதுங்கி, காலை ஊன்றி நின்றுவிட்டேன். அவள் திரும்பிப் பார்த்தாள். காரும் எங்களுக்குப் பின்னால் வேகத்தைக் குறைத்து மெதுவாக வந்துகொண்டிருந்தது.

“ஏன் மாமா நின்னுட்டீங்க?” என்றாள்.