மரப்பொம்மையின் கைகளை இறுக்காதீர்கள்

விங் சுன் எனும் சீனத் தற்காப்புக் கலையைப் பழகுகிறவர்களில் பலர், தூணில் கைகளும் காலும் பொருத்திய முக் யான் ஜோங் எனும் பயிற்சி மரப்பொம்மை கைக்கு வந்ததும் அதன் கைகள் லொடலொடவென்று ஆடுவதைப் பார்த்துத் துணி சுற்றி இறுக்கிவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அது பழுதில்லை. பொம்மையின் உயிரே அந்த ஆட்டத்தில்தான் இருக்கிறது.

தென் சீனாவின் ஃபோஷான் நகரில் முன்பு தூணை மண்ணில் நட்டுப் பழகினார்கள். விங் சுன் ஆசான் இப் மான் ஹாங்காங்கில் கற்பித்த 1950களில், மாடி வீட்டில் எங்கே குழி தோண்டுவது? தூணின் மேலும் கீழும் துளையிட்டு, இரண்டு குறுக்குப் பலகைகளைச் செருகிச் சட்டத்தில் மாட்டினார்கள். இடமில்லாமல் செய்த ஏற்பாடுதான். ஆனால் பயிற்சிக்கு அதைவிட நல்லது அமைந்திருக்காது. உங்கள் விசை தூணின் நடுவை நோக்கிப் போனால் பலகை வளைந்து, திரும்ப உங்களைத் தள்ளும். விசை பக்கவாட்டில் சிதறினால் தூண் பலகைமேல் வழுக்கி நகர்ந்துவிடும். தவறை உடனே காட்டிக்கொடுக்கும்.

தூண் சுமார் 150 செ.மீ. உயரம், 22 செ.மீ. குறுக்களவு. மூன்று கை, ஒரு கால். மேல்கைகள் உங்கள் தோள் மட்டத்தில் இருக்கட்டும். வெளியே அவை சமமாகத் தெரிந்தாலும் தூணுக்குள் ஒன்றின்மேல் ஒன்றாகக் குறுக்கே கடக்கின்றன. அதற்காகவே ஒன்றின் சதுர வால் (தூணுக்குள் செருகும் முனை) மேல்விளிம்பை ஒட்டியும், மற்றதன் வால் கீழ்விளிம்பை ஒட்டியும் செதுக்கப்பட்டிருக்கும். மாற்றிச் செருகினால் ஒரு கை ஏறியும் ஒரு கை இறங்கியும் நிற்கும். மழைக்காலத்தில் மரம் ஊதிக் கை சிக்கினால் வாலை மணல்தாளால் லேசாகத் தேயுங்கள், போதும்.

பழகும்போது காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். உங்கள் இரு கைகளும் பொம்மையை ஒன்றாகத் தொட வேண்டிய இடத்தில் ஒரே ‘டக்’ கேட்க வேண்டும். ‘ட-டக்’ என்றால் ஒரு கை பிந்துகிறது. இப் மான் வழியில் மரப்பொம்மைப் பயிற்சி வரிசைக்கு 116 அசைவுகள். எண்ணிக்கையை முடிக்கும் அவசரத்தில் கால் நகராமல் கை மட்டும் எட்டிப்போவதுதான் அதிகம் காணும் பிழை. கால் கோணம் பிடித்து நுழையாவிட்டால் உடம்பு முன்னே சாயும், தோள் ஏறும், முன்கை எலும்பு மரத்தில் மோதும்.

முன்கை கன்றிப்போனால் அடித்தது அதிகம் என்று அர்த்தம். தடவச் சீன வைத்தியத்தில் தித் தா ஜாவ் உண்டு. மூலிகைகளை மதுவில் ஊறவைத்த தைலம். தோல் கிழிந்த இடத்தில் அதைப் பூசக் கூடாது, வாயில் படவே கூடாது. சில தயாரிப்புகளில் நச்சு மூலிகைகள் சேர்கின்றன.